ஞாயிறு ஸ்டீம் வகுப்பு: ஐந்தாவது வாரம் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

08.06.2025 – கேள்வி

மதுரைப் பக்கம் ஓர் ஊராட்சி நூலகத்தில் ஞாயிறுதோறும் ஸ்டீம் வகுப்பு (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஐந்தும் சேர்ந்தது) நடத்துகிறோம். நாலாம் வகுப்பு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகள். முதல் வாரம் 28 பேர் வந்தார்கள். ஐந்தாவது வாரம் 11. பெற்றோர் கூட்டம் போட்டால் நான்கு அம்மாக்கள் வருகிறார்கள், பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். காசு வாங்குவதில்லை, சாமான் எல்லாம் நாங்களே வாங்கிப் போடுகிறோம். பெற்றோருக்கு இதில் அக்கறை இல்லை என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. தவறென்றால் சொல்லுங்கள்.

08.06.2025, இரவு

தவறு. அக்கறை இல்லாத வீடு முதல் வாரமே அனுப்பியிருக்காது. 28 வீடு பிள்ளையை அனுப்பியது. வகுப்பிலிருந்து அந்த வீடுகளுக்கு என்ன போய்ச் சேர்ந்தது? ஐந்து வாரத்தில் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோன பொருள் எத்தனை, அதில் மறுநாள் காலையிலும் வேலை செய்தது எத்தனை? இந்த இரண்டு எண்ணையும் எழுதுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

10.06.2025

பதில் வந்திருக்கிறது: கொண்டுபோனது இரண்டு, வீட்டில் ஓடியது ஒன்றுமில்லை. ஒன்று காகிதக் கோபுரம், வழியிலேயே நசுங்கிவிட்டது. இன்னொன்று விளக்கு எரியும் வாழ்த்து அட்டை.

அந்த அட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். சி.ஆர். 2032 பட்டன் செல், தாமிர நாடா, ஓர் எல்.இ.டி. வகுப்பில் 28 அட்டையும் எரிந்திருக்கும். வீட்டில் எரியாமல் போவதற்கு வரிசையாகக் காரணம் உண்டு.

வகுப்பில் பிள்ளை விரலால் செல்லை அழுத்திப் பிடித்திருக்கும். பையில் போட்டதும் அந்த அழுத்தம் போய்விடும், தொடர்பு விட்டுவிடும். காகிதம் கவ்வும் கருப்பு கிளிப் ஒன்று போட்டிருந்தால் நின்றிருக்கும், ஆனால் அதன் இரும்பு இரண்டு நாடாவையும் சேர்த்துத் தொடக் கூடாது, நடுவில் ஒரு துண்டு அட்டை வைக்க வேண்டும். அடுத்தது, விலை குறைந்த தாமிர நாடாவில் பசைப் பக்கம் மின்சாரத்தைக் கடத்தாது. மூலையில் வெட்டி ஒட்டினால் அந்த இடம் அறுந்த மாதிரிதான். வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும். மூன்றாவது, சிவப்பையும் வெள்ளையையும் ஒரே செல்லில் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் சிவப்பு மட்டும் எரியும். சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3 வேண்டும். சிவப்பு மின்னழுத்தத்தைத் தன் அளவுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கடைசியாக, சில பிள்ளைகள் செல்லைக் கழற்றி ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு வைப்பார்கள். தகர டப்பா, உள்ளே காம்பஸ். வீடு போய்ச் சேர்வதற்குள் செல் தீர்ந்துவிடும்.

இப்போது வீட்டிலிருந்து பாருங்கள். அப்பா இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறார். பிள்ளை அட்டையை நீட்டுகிறது. எரியவில்லை. "சரி சரி, எடுத்து வை." இது இரண்டு தடவை நடந்தால் மூன்றாவது ஞாயிறு வயலுக்கோ கடைக்கோ ஓர் ஆள் தேவைப்படும்போது முதலில் விடுபடுவது உங்கள் வகுப்புதான். அந்த அப்பாவிடம் அக்கறையைத் தேடுவதில் பயன் இல்லை. எரியும் விளக்கை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது ஒன்று: வாசல் சோதனை. 90 நிமிட வகுப்பில் 65ஆம் நிமிடத்தோடு செய்வதை நிறுத்திவிடுங்கள். மீதி நேரம் பழுது பார்க்கவும் வாசலில் சோதிக்கவும். ஒவ்வொரு பிள்ளையும் வாசலில் நின்று மூன்று முறை போட்டு அணைக்க வேண்டும், பொருளைப் பையில் வைத்துக் குலுக்க வேண்டும், வெளியே எடுத்து இன்னொரு முறை போட வேண்டும். எரிந்தால் வீட்டுக்கு. எரியாவிட்டால் பெயரெழுதி அலமாரியில், அடுத்த வாரம் முதல் வேலை அதுதான். 24 பிள்ளைக்கு 30 எல்.இ.டி. வாங்குங்கள். கால் முறிவது, திருப்பிப் போட்டது, தொலைந்தது என்று ஆறு கட்டாயம் போகும்.

11.06.2025

நேற்று எழுதியதில் ஒரு பெரிய திருத்தம். பட்டன் செல்லை எப்படி நன்றாகப் பொருத்துவது என்று எழுதிக்கொண்டே போய்விட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோகிற பொருளில் பட்டன் செல்லே கூடாது. வகுப்புக்கு வரும் பிள்ளைக்குப் பத்து வயது இருக்கலாம், அதன் தம்பிக்கு இரண்டு வயது. 20 மில்லிமீட்டர் அகலச் செல் சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடி அந்த இடத்தில் அரிக்கும் காரம் உண்டாகும், இரண்டு மணி நேரத்தில் கடுமையாக வெந்துவிடும். விளக்கு எரிக்கத் தெம்பில்லாத பழைய செல்லும் இதைச் செய்யும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், இருமுகிறதா வாந்தி எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.

இதுவரை வீட்டுக்குப் போன அட்டைகளைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். "பழைய அட்டையைக் கொண்டு வா, புதுசு தர்றோம்" என்றால் வந்துவிடும். வாங்கிய செல்லின் இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டித் தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.

மாற்று: சுவிட்சோடு வரும் இரண்டு ஏ.ஏ. பேட்டரிப் பெட்டி. அதே 3 வோல்ட். ஆனால் ஒரு வித்தியாசம். பட்டன் செல்லுக்கு உள்தடை அதிகம், அதனால்தான் எல்.இ.டி.யை நேராக வைத்தாலும் கருகவில்லை. ஏ.ஏ.யில் அந்தக் காப்பு இல்லை. சிவப்பு எல்.இ.டி.க்கு 100 ஓம் தடை ஒன்று தொடராகப் போட வேண்டும் (அதன் மேல் நிறக் கோடுகள்: பழுப்பு, கருப்பு, பழுப்பு, தங்கம்). 3இல் 2 போக மீதி 1 வோல்ட், 100 ஓம், ஆக 10 மில்லி ஆம்பியர். கண்ணுக்குப் போதுமான வெளிச்சம். வீட்டுப் பொருளுக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் நல்லது. வெள்ளையும் நீலமும் பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் மங்கிவிடும், பிள்ளை தான் செய்தது கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கும்.

14.06.2025

வாட்ஸ்அப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குரூப்பில் நீளமாகத் தட்டச்சு செய்து போடுவது பாதி வீட்டில் படிக்கப்படாது. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு 40 விநாடிக் குரல் செய்தி போடுங்கள். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எத்தனை மணிக்கு, பிள்ளை எதைக் கொண்டுவரும், இரவு வீட்டில் கேட்க ஒரு கேள்வி. இப்படி:

"அக்கா, நாளைக்கு மூணரை மணிக்கு நூலகத்துல வகுப்பு. அஞ்சு மணிக்கு விட்டுருவோம். பிள்ளைங்க மஞ்சத்தூள் தடவின தாள் கொண்டு வருவாங்க. ராத்திரி அதுல கொஞ்சம் சோப்புத் தண்ணி தொட்டு வைக்கச் சொல்லி, ஏன் செவந்துச்சுன்னு ஒரு கேள்வி மட்டும் கேளுங்க."

அந்தக் கடைசிக் கேள்வி இல்லாவிட்டால் செய்தி வெறும் அறிவிப்புதான். கேள்வி இருந்தால் வீட்டுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. படிப்பு வாசனையே இல்லாத பாட்டியும் கேட்கக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். "இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும், எந்த வீட்டிலும்.

குரூப்பில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பல அம்மாக்கள் சத்தமில்லாமல் வெளியேறுவதற்கு இது ஒரு காரணம். பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும்) போடலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போகும். எனவே சேர்க்கை நாளிலேயே அவர் போனை வாங்காமல், அவரையே உங்கள் எண்ணைச் சேமிக்கச் செய்து ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவும் சரிவரும், அதில் உறுப்பினர் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது.

பல வீடுகளில் ஒரே ஸ்மார்ட்போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. செய்தி அம்மாவைச் சேரவே சேராது. அந்த வீடுகளுக்கு உள்ளங்கை அளவுச் சீட்டு. அதோடு பால் சொசைட்டி வாசலிலோ ரேஷன் கடைப் பக்கத்திலோ கரும்பலகையில் ஒரு வரி. காலையில் பால் ஊற்ற வருகிறவர்கள் பார்க்காமல் போக முடியாது.

படம் போடுவது: முகம் வேண்டாம். கையும் செய்த பொருளும் மட்டும். தன் பிள்ளையின் கை எது என்று அம்மாவுக்குத் தெரியும்.

15.06.2025

விட்டுப்போனது ஒன்று. "பெற்றோர் கூட்டம்" என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டால் குறை கேட்கத்தான் என்று பழகிப்போன காது அது. "அஞ்சு மணிக்குக் கூட்டிட்டுப் போக வரும்போது பத்து நிமிஷம் முன்னாடி வாங்க, பிள்ளை செஞ்சு காட்டும்" என்று சொல்லுங்கள். நாற்காலி வரிசை போடாதீர்கள். பிள்ளை உட்கார்ந்திருக்கும் பாயிலேயே பக்கத்தில் இடம் விடுங்கள். பேசுவது பிள்ளை. நீங்கள் பேச வேண்டாம்.

22.06.2025

மஞ்சள் தாள் செய்முறை கேட்டவருக்கு.

வெள்ளைச் சார்ட் தாள், இரண்டு விரல் அகலத் துண்டுகள். மஞ்சள்தூள் இரண்டு கரண்டி, கூழாகும் அளவு தண்ணீர். பஞ்சால் தடவி நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் காய்ந்தால் நிறம் வெளுக்கும். காய்ந்ததும் தூளைத் தட்டிவிடுங்கள். 24 பிள்ளைக்கு ஆளுக்கு ஆறு துண்டு என்றால் 144, முந்தின நாளே செய்து வைக்க வேண்டும். சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தெளிவு, சோடா உப்பு, எலுமிச்சை, மோர், புளி ஆறையும் சின்ன மூடிகளில் வைத்து ஒவ்வொன்றாகத் தொடட்டும். காரம் (சோப்பு, சுண்ணாம்பு, சோடா) பட்டால் சிவக்கும், புளிப்புக்கு மாறாது. சிவந்த இடத்தில் எலுமிச்சை விட்டால் மறுபடி மஞ்சள் ஆகும். இதுதான் பிள்ளைகள் கத்துகிற இடம். சுண்ணாம்புத் தெளிவைப் பெரியவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணில் படக் கூடாது.

சோடா உப்புக்கு வெறும் செம்மஞ்சள் வந்து நின்றுவிட்டது என்று பதறுவார்கள். சமையல் சோடா காரம் குறைவு. சலவைச் சோடா நன்றாகச் சிவக்க வைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் "காரத்திலும் கூடக் குறைய உண்டு" என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம்.

இந்த வகுப்பு வீட்டோடு ஒட்டுவது ஆரத்தியால். தட்டில் மஞ்சள் தண்ணீர், அதில் சிட்டிகை சுண்ணாம்பு, உடனே செந்நிறம். ஊரில் எல்லாப் பாட்டிக்கும் தெரிந்த சோதனை இது. மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டால் சிவப்பதும், அலசினால் மறுபடி மஞ்சளாவதும் துவைக்கிற அம்மாவுக்குத் தெரியும். எனவே அன்றைய கேள்வி: "ஆரத்தி ஏன் செவக்குது?" வீட்டில் செயல் தெரியும், பிள்ளைக்குக் காரணம் தெரியும். இரண்டு பேர் கையிலும் பாதிப் பாதி இருக்கும்போதுதான் பேச்சு நடக்கும்.

சங்குப்பூவும் செய்யலாம். பத்துப் பூ, ஒரு தம்ளர் வெந்நீர், ஐந்து நிமிடம். எலுமிச்சைக்கு ஊதா, சோடாவுக்குப் பச்சை. ஒரு நாளுக்கு மேல் வைத்தால் நாறும், அன்றே தீர்த்துவிடுங்கள்.

29.06.2025

"வீட்டிலிருந்து பொருள் கொண்டுவரச் சொன்னால் பெற்றோர் ஈடுபாடு கூடுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடும் என்றுதான் முதலில் தோன்றும். இதில் என் கருத்து மாறியிருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டில், ஐஸ் குச்சி, அட்டைப் பெட்டி என்று பட்டியல் போடுகிறோம். பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு அன்றைக்கு வராமலே நின்றுவிடும். அடுத்த வாரமும் வராது. வருகை குறைந்த வாரங்களையும் பட்டியல் போட்ட வாரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாற்று: நூலகத்தில் ஒரு சாக்கு. கல்யாணப் பத்திரிகை, செருப்பு அட்டைப்பெட்டி, தேங்காய்ச் சிரட்டை, பேனா மூடி, அறுந்த ரப்பர் செருப்பு, ஈர்க்கு, எது கிடைத்தாலும் யாரும் போடலாம். யார் போட்டது என்று கேட்கக் கூடாது, எழுதக் கூடாது. சாக்கு நிறைந்த பிறகே அந்தப் பொருளை வைத்து வகுப்பு. குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் அரவிந்த் குப்தா. 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் காட்டிய பொம்மைகளில் பெரும்பாலும் எந்த ஊரிலும் கீழே கிடக்கிற சாமான்தான். அறுந்த ரப்பர் செருப்பு நல்ல சக்கரம் ஆகும். பெரியவர் ஒருவர் கூரான கத்தியால், தண்ணீரில் நனைத்து அறுத்தால் விளிம்பு சுத்தமாக வரும்.

ஒட்டுவதற்கு ஒரு சொல்: ஃபெவிகால் பிடிக்க அரை மணி நேரம் ஆகும், அதற்கேற்ப வகுப்பின் முதல் இருபது நிமிடத்திலேயே ஒட்டு வேலையை முடியுங்கள். அவசரத்துக்கு ஃபெவிக்விக் கொடுக்காதீர்கள். பருத்தித் துணியிலோ பஞ்சிலோ பட்டால் சூடாகிப் புகையும்.

06.07.2025

சிரிஞ்ச் வைத்து நீரழுத்தக் கை: ஒரு சிரிஞ்சை அழுத்தினால் குழாய்த் தண்ணீர் இன்னொரு சிரிஞ்சைத் தள்ளிப் பொம்மைக் கையைத் தூக்கும். எல்லா வகுப்பும் இதைச் செய்கிறது, பாதி வகுப்பில் கை தொளதொள என்று ஆடுகிறது. காரணம் குழாய்க்குள் காற்று. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. நிரப்பும்போது வாளித் தண்ணீருக்குள் சிரிஞ்சையும் குழாயையும் முழுக்க முக்கி, உள்ளேயே இழுத்து நிரப்பி, உள்ளேயே மாட்ட வேண்டும். ஒரு குமிழி தெரிந்தாலும் கழற்றி மறுபடி.

ஊசி இல்லாத புதுச் சிரிஞ்ச் மட்டும், மருந்துக்கடையில் கட்டாக வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் உபயோகித்தது எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெல்லிய குழாய் 30 செ.மீ. துண்டாக வெட்டினால் 5 மி.லி. முனையில் இறுக்கமாக உட்காரும். உட்காராவிட்டால் வெந்நீரில் பத்து விநாடி வைத்து மாட்டுங்கள். தள்ளுவது 5 மி.லி., தூக்குவது 10 மி.லி. என்று போட்டால் அதே கை விசைக்குக் கூடுதலாகத் தூக்கும், ஆனால் குறைந்த தூரமே நகரும். ஜே.சி.பி. பார்க்காத பிள்ளை இப்போது எந்த ஊரிலும் இல்லை, ஓட்டுகிற மாமாவோ சித்தப்பாவோ நிறைய வீடுகளில் இருப்பார். அவரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். "ஆயில் சீல் போனா வண்டிக்கும் இதே கதைதான்" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்குப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

07.07.2025

சிரிஞ்ச் பிஸ்டன் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடலாமா? வேண்டாம். எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பும், மறுவாரம் அசையாது. சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு.

13.07.2025

ஸ்டீமில் நடுவே இருக்கிற கலை எங்கே என்று கேட்டால், பெரும்பாலான வகுப்பில் கடைசிப் பத்து நிமிடம் கலர் அடிப்பதுதான் கலை. அது வீண். கலையையே கணக்காக எடுக்க நமக்குக் கோலம் இருக்கிறது, அதைக் கற்றுக்கொடுக்க ஊர் முழுக்க ஆசிரியர் இருக்கிறார்கள்.

ஊடுபுள்ளிக் கோலம், அதாவது ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி. 3 புள்ளியில் தொடங்கி 2இல் முடித்தால் 2, 3, 2. மொத்தம் 7. அடுத்து 5 தொடங்கி 3இல் முடித்தால் 3, 4, 5, 4, 3. மொத்தம் 19. அடுத்து 7 முதல் 4 வரை, மொத்தம் 37. மார்கழியில் எல்லா வாசலிலும் பார்க்கிற 15 புள்ளி 8 வரை, மொத்தம் 169. பிள்ளைகள் எண்ணட்டும், சொல்லிவிடாதீர்கள். பிறகு ஒற்றைப் புள்ளியையும் சேர்த்து எழுதுங்கள்: 1, 7, 19, 37. வித்தியாசம் 6, 12, 18. இன்னொரு படி: 1. 1+7=8. 8+19=27. 27+37=64. கனங்கள் (2×2×2=8, 3×3×3=27) வந்து நிற்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல எண் வரிசை பாடப்புத்தகத்துக்கு வெளியே கிடைப்பது கடினம்.

சிக்குக் கோலத்தில் கேள்வி வேறு: கை எடுக்காமல் ஒரே கோட்டில் முடிகிறதா, இரண்டு கோடு பின்னியிருக்கிறதா? ஒரு கோட்டை மட்டும் விரலால் தொடர்ந்து போய்த் தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டால், தொடாத வளைவு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி முதலியோர் 1970களில் கோலம் வரையும் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணமாக எழுதிக்காட்டினார்கள். அம்மாக்களிடம் இதைச் சொல்லுங்கள். வாசலில் போடுவது ஆராய்ச்சிப் பொருள் என்று தெரிந்தால், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் குரலே மாறும்.

அன்று ஆசிரியர் இடத்தில் மூன்று பாட்டிகள் உட்கார வேண்டும். நீங்கள் புள்ளி எண்ணும் வேலையை மட்டும் பாருங்கள். கோலமாவு அரைக் கிலோ போதும், சிமெண்டுத் தரையை முதலில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

20.07.2025

வராமல் நின்றவர்களைப் பற்றி. முதல் முறை வராதபோதே பேச வேண்டும். மூன்று வாரம் காத்திருந்து கேட்டால் அது விசாரணை. "ஏன் வரலை?" என்று கேட்காதீர்கள். "உன் சிரிஞ்ச் கை பாதியில நிக்குது, பேரு எழுதி வச்சிருக்கோம், வந்து முடிச்சிரு" என்று சொல்லுங்கள். அதற்காகவே ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பொருளாவது பாதியில் நிற்கட்டும்.

ஐந்தாவது வாரம் வந்த அந்த 11 பேரில் பெண்பிள்ளைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிறு அம்மா வேலையாக இருந்தால் தம்பி தங்கையைப் பார்ப்பது அக்காதான். "தம்பியையும் கூட்டிட்டு வா" என்று ஒரு வார்த்தை, ஓரத்தில் ஒரு பாய், நாலு மரக்கட்டை, கிறுக்கப் பழைய தாள். பட்டன் செல் கூடாது என்று 11.06இல் எழுதியது இங்கே இன்னும் கட்டாயம். காந்தம், மணி, நாணயம் எதுவும் அந்தப் பாய்ப் பக்கம் போகக் கூடாது. வகுப்பை நடத்தும் இரண்டு மூன்று பெரியவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பருவமடைந்ததும் நிறுத்தப்படுவதைத் தடுக்க, வீட்டுக்குப் போய்ப் பேசக்கூடியவர் அவர்தான். 2021இல் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராக இருந்த அக்கா உங்கள் ஊரிலும் இருப்பார். எந்த வீட்டில் என்ன நிலவரம் என்று அவருக்குத் தெரியும். முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

03.08.2025

இன்றைக்கு ஆடிப்பெருக்கு. வகுப்பு வைத்திருந்தால் ஆள் இருக்காது, அதைப் பார்த்து மறுபடி மனம் தளராதீர்கள். 40 வாரம் தொடர்ந்து நடத்துகிற யோசனையையே விடுங்கள். ஆறு ஆறு வாரமாகச் சுற்று வையுங்கள்: ஜூன் மூன்றாம் வாரம் முதல் ஒரு சுற்று, ஆடி முடிந்து காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு சின்னச் சுற்று, தீபாவளிக்குப் பின் அரையாண்டுக்கு முன் ஒன்று, பொங்கலுக்குப் பின் ஒன்று. "ஆறே வாரம்தான்" என்றால் வீடு கணக்குப் போட்டு அனுப்பும். முடிவே தெரியாத வகுப்புக்கு எந்த வீடும் ஞாயிற்றுக்கிழமையை எழுதிக் கொடுக்காது. ஊர்த் திருவிழா, ஆவணி, தை முகூர்த்த நாள்கள் எல்லாவற்றையும் தினசரிக் காலண்டரை வைத்துக்கொண்டு முதலிலேயே அடித்துவிடுங்கள்.

காலை பத்து மணி வேண்டாம். கறி எடுப்பது, தலைக்குக் குளிப்பது, சமையல் எல்லாம் அப்போதுதான். மூன்றரை மணி சரி.

10.08.2025

ரோபோ கிட் வாங்கலாமா என்ற கேள்விக்கு: வாங்கலாம், ஆனால் மாலையில் பூட்டி அலமாரியில் வைக்க வேண்டியிருக்கும் பொருளால் வீடு ஒட்டாது. அதே காசில் பேட்டரிப் பெட்டியும் சிரிஞ்சும் எத்தனை வரும் என்று பாருங்கள். மடிக்கணினி இரண்டு இருந்தால் ஸ்கிராட்ச் (கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதும் மென்பொருள்) போதும். இணையமில்லாமலும் ஓடும். 13.07இல் எண்ணிய கோலப் புள்ளிகளை அதில் வரைய வைத்தால், தாளில் செய்த வேலையே திரையில் தொடரும்.

அரசுப் பள்ளிகளில் அறிவியல் சோதனை செய்துகாட்டும் வானவில் மன்றம் 2022 நவம்பரில் வந்த பிறகு 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் பல சோதனைகளைப் பள்ளியிலேயே பார்த்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை பள்ளியில் பார்த்ததையே ஞாயிறும் காட்டினால் சலித்துப்போகும். "இந்த மாசம் என்ன செஞ்சீங்க?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

17.08.2025

நிழலில்லா நாள்: உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நேராக நிற்கும் குச்சிக்கு நிழலே விழாத நாள். மதுரைக்கு ஆண்டில் இரண்டு: ஏப்ரல் 16 ஒட்டி, ஆகஸ்ட் 27 ஒட்டி. இந்த முறை ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி, புதன்கிழமை, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். வகுப்பே வேண்டாம், வீட்டு மொட்டைமாடியிலேயே நடக்கட்டும்.

உச்சிவேளை கடிகாரத்தின் 12 மணி இல்லை. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்துக்கு ஓடுகிறது. மதுரை 78.1 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்றால் ஏறக்குறைய 18 நிமிடம் தாமதம். அந்த நாளின் சிறு திருத்தமும் சேர்ந்து 12:19 வாக்கில் வரும். 12:05 முதல் 12:35 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைச் சாக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள்.

கெட்டுப்போவது எல்லாம் சாய்வால்தான். மொட்டைமாடித் தரை தண்ணீர் வடியச் சரிவாகக் கட்டியிருக்கும், அதில் வைத்த தம்ளர் நேராக நிற்காது. நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுக் குச்சியை அதற்கு இணையாக நிறுத்த வேண்டும். கொத்தனார் வீட்டுப் பிள்ளை தூக்குக்குண்டை எடுத்து வந்தால் அன்று அதுதான் தலைமை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டும். மேகம் மூடிவிட்டால் மறுநாள் செய்தாலும் ஒரு மீட்டர் குச்சிக்கு வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான்.

24.08.2025

சுற்றின் கடைசி நாள் என்ன செய்வது? சான்றிதழ், பேச்சு, மேடை எதுவும் வேண்டாம். பாவைக்கூத்து. ஆறு வாரம் செய்ததெல்லாம் அதில் வந்துவிடும்.

பாவை: சாக்கிலிருக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டை. ஈர்க்கு இரண்டை ஒன்றாகக் கட்டினால் வளையாத பிடி. முழங்கை மூட்டுக்கு நூலைக் கோத்து இரு பக்கமும் முடிச்சு, மிக இறுக்கினால் கை ஆடாது. அட்டைக்கு நிழல் கருப்பாகத்தான் வரும். தோல்பாவையில் நிறம் தெரிவது ஆட்டுத்தோலில் வெளிச்சம் ஊடுருவுவதால். அதற்குப் பதில் அட்டையில் சன்னல் வெட்டி நிறக் கண்ணாடித்தாளை ஒட்டுங்கள். திரைக்கு ஒரு பழைய வேட்டி. தையல் தெரிந்த அம்மா மேலும் கீழும் மடித்துத் தைத்தால் மூங்கில் கழி நுழையும், கீழ்க்கழியின் கனத்தில் சுருக்கம் போகும்.

விளக்கு ஒற்றைப் புள்ளியாக இருக்க வேண்டும். டியூப்லைட்டுக்கு முன் பாவையைப் பிடித்தால் நிழல் ஓரம் கலங்கும், விளக்கு நீளமானது என்பதால். போனின் டார்ச் சின்னது, நிழல் கூராக விழும். விளக்கிலிருந்து திரை 2 மீட்டர் என்றால், 1 மீட்டரில் பிடித்த பாவை இரண்டு மடங்காகும். அரை மீட்டரில் பிடித்தால் நான்கு மடங்கு. அரக்கன் வரும்போது பாவையைப் பின்னால் இழுக்க வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அரக்கன் கண்ணுக்குச் சிவப்பு எல்.இ.டி., 100 ஓம், பேட்டரிப் பெட்டி பிடியோடு சேர்த்துக் கட்டியது. வாய் திறக்க சிரிஞ்ச்.

கதை வீட்டிலிருந்து வர வேண்டும். இந்த வாரக் குரல் செய்தியின் கேள்வி: "பாட்டி, உங்க ஊர்ல சொன்ன கதை ஒண்ணு சொல்லுங்க." நாலு பேர் ஒரு குழு, ஆறு குழு, குழுவுக்கு நான்கு நிமிடம். ஆகஸ்ட் கடைசியில் மதுரையில் ஆறரைக்குள் சூரியன் விழுந்துவிடும், ஏழு மணிக்கு இருட்டு சரியாக இருக்கும். அந்த நேரத்தில் அப்பாக்களும் வரலாம்.

01.09.2025

நேற்றைய படம் பார்த்தேன், கைகள் மட்டும், நன்றி. 19 வீடு வந்ததென்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறைக்கு ஒன்று: ஆட்டம் முடிந்ததும் திரையை உடனே அவிழ்க்காதீர்கள். விளக்கை எரியவிட்டு, பாவைகளைப் பாயில் பரப்பிவிட்டு, எல்லாரையும் திரைக்குப் பின்னால் வரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் விட்டால் பெரியவர்களும் பாவையை எடுத்து ஆட்டிப் பார்ப்பார்கள். பிடியில் நூல் தளர்ந்தால் மாற்ற, ஈர்க்கும் கத்தரியும் ஒரு தட்டில் தயாராக இருக்கட்டும்.